கரைவது வேறு, மாறுவது வேறு

ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கினால் சற்று நேரத்தில் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை. தண்ணீரை வெயிலில் வைத்து வற்றவிட்டால், போட்ட உப்பு போட்டபடியே அடியில் தங்கிவிடும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் நடப்பது இதுதான்.

அதே தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் நடப்பது வேறு. கல் சீறுகிறது; சூடு கிளம்புகிறது; ஆவி பறக்கிறது; கடைசியில் கல் உடைந்து மாவாகிவிடுகிறது. அந்த மாவை எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும் பழைய சுட்ட கல் திரும்பி வராது. அதற்கு மறுபடியும் காளவாயில் இட்டுச் சுட வேண்டும்.

உப்பு கரைந்தது; சுண்ணாம்பு மாறியது. முதலாவதை இயற்பியல் மாற்றம் என்றும், இரண்டாவதை வேதியியல் மாற்றம் என்றும் பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. பௌதிகம், ரசாயனம் என்று பழைய தலைமுறையினர் படித்ததும் இதையே. பள்ளிப் பிள்ளைக்கு இது தேர்வில் வரும் ஒரு கேள்வி. விவசாயிக்கோ, உரக் கடையில் கொடுத்த பணம் பயிருக்குப் போய்ச் சேருமா அல்லது காற்றிலும் மண்ணிலும் வீணாகுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

இரண்டு வகைக் குணங்கள்

நிறம், மணம், எடை, அடர்த்தி, தண்ணீரில் கரையும் அளவு, உருகும் சூடு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை ஆகியவை ஒரு பொருளின் இயற்பியல் குணங்கள். பொருளை வேறொன்றாக மாற்றாமலேயே இவற்றை நாம் பார்த்தும் அளந்தும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பொருள் காற்று, தண்ணீர், சுண்ணாம்பு, இரும்பு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஆகியவற்றோடு சேரும்போது வேறு என்ன பொருளாக மாறுகிறது என்பது வேதியியல் குணம். இதை மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சேர்த்த பிறகு பழைய பொருளை எளிதில் திரும்பப் பெறவும் முடியாது.

விதைப்பு முதல் மண்ணைத் திருத்துவது வரை இந்த இரண்டு குணங்களும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதை நெல்லும் உப்புக் கரைசலும்

நன்கு முற்றிய நெல்மணி கனமானது. பாதி முற்றிய மணியும் பதரும் இலேசானவை. வெறும் தண்ணீரில் போட்டால் பதர் மட்டும் மிதக்கும். அரைகுறையாக முற்றிய மணிகள் முழு மணிகளோடு சேர்ந்து மூழ்கிவிடும். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் அதன் அடர்த்தி கூடுகிறது. அப்போது அரைகுறை மணிகளும் மேலே வந்துவிடுகின்றன.

எவ்வளவு உப்பு போதும் என்பதை அறிய ஒரு கோழி முட்டை போதும். நல்ல புதிய முட்டை வெறும் தண்ணீரில் மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அகலத்துக்குத் தலைகாட்டும். கரைசல் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். இதில் விதை நெல்லைப் போட்டுக் கிளறி, மிதப்பவற்றை நீக்கிவிட்டு, மூழ்கியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எந்தப் பொருளும் வேறொன்றாக மாறவில்லை. உப்பு உப்பாகவே இருக்கிறது. ஆகவேதான் மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உடனே அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு விதையின் மேல் தங்கி முளைப்புத் திறனைக் கெடுக்கும்.

கட்டிய யூரியா கெட்ட யூரியா அல்ல

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உள்ளது. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கும். யூரியாவுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை கசிந்து, பின்னர் காய்ந்து பாறைபோல் கட்டிக்கொள்வது இதனால்தான்.

கட்டியான யூரியா வீரியம் இழந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். கட்டியானது இயற்பியல் மாற்றம் மட்டுமே. உடைத்துத் தூளாக்கினால் அது பழைய யூரியாதான்; சத்தில் குறைவில்லை. மூட்டையிலிருந்து நீர் ஒழுகி வெளியே போயிருந்தால் மட்டும், ஒழுகிய நீரோடு கரைந்த யூரியாவும் போயிருக்கும். எனவே உர மூட்டைகளை வெறுந்தரையில் போடாமல் மரப் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பாதி எடுத்த மூட்டையின் வாயை இறுகக் கட்டிவைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு கிலோ யூரியா கரைந்துவிடும். கரையும்போது தண்ணீர் குளிர்ந்து போவதைக் கையாலேயே உணரலாம். சுண்ணாம்பு சூட்டை வெளிவிட்டது. யூரியாவோ சூட்டை உள்வாங்குகிறது.

நெடி வந்தால் நட்டம்

யூரியா மண்ணில் விழுந்த பிறகுதான் வேதியியல் மாற்றம் தொடங்குகிறது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி, ஈரம் இருக்கும்போது சில நாட்களிலேயே யூரியாவை அமோனியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. பயிருக்கு அமோனியம் தேவைதான். ஆனால் இந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்பதே முக்கியம்.

மண்ணுக்குள்ளே நடந்தால், உண்டாகும் அமோனியத்தைக் களிமண் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் அதை எடுத்துக்கொள்ளும். மேல்மண்ணில் நடந்தால் அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். வெயிலும் காற்றும் மண்ணின் காரத்தன்மையும் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். காற்றோடு போனதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஆகவே புன்செய்ப் பயிர்களுக்கு யூரியாவை வேர்ப்பகுதிக்கு அருகே இட்டு மண்ணால் மூட வேண்டும். மூட வசதியில்லை என்றால், இட்ட உடனே அளவாகத் தண்ணீர் கட்டலாம். எளிதில் கரையும் குணத்தால் யூரியா தண்ணீரோடு கீழே இறங்கி, மண்ணுக்குள் போய் மாறும். அளவுக்கு மீறிப் பாய்ச்சினால் வேருக்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நெல் வயலில் தேங்கிய நீரை வடித்து, சீராகத் தண்ணீர் படிந்திருக்கும் அளவில் நிறுத்திவிட்டு யூரியா இட வேண்டும்.

நம் நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுவதற்கும் வேப்ப எண்ணெய் பூச வேண்டும் என்ற விதி 2015-ஆம் ஆண்டில் வந்தது. அமோனியம் நைட்ரேட் வடிவத்துக்கு மாறும் வேகத்தை வேப்ப எண்ணெய் குறைக்கிறது. இதனால் சத்து பயிருக்கு மெல்ல மெல்லக் கிடைக்கிறது. எண்ணெய் பூசியிருக்கிறதே என்று மேல்மண்ணில் இறைத்துவிட்டுப் போனால் அமோனியா இழப்பு நின்றுவிடாது.

சேரக் கூடாதவை

டி.ஏ.பி. உரத்தில் 18 சதவீதம் தழைச்சத்தும் 46 சதவீதம் மணிச்சத்தும் உள்ளன. இதிலுள்ள தழைச்சத்து அமோனிய வடிவில் இருக்கிறது. நான்கைந்து டி.ஏ.பி. குருணைகளை உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிறிது சேர்த்துக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். சுண்ணாம்பின் காரம் அமோனியாவை வெளியேற்றுகிறது. டி.ஏ.பி. தானா என்று அறிய இது ஓர் எளிய சோதனை. பார்த்தவுடன் கையைக் கழுவிவிட வேண்டும்.

கையில் வந்த அந்த நெடிதான் வயலில் நட்டமாகிறது. சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் ஆகியவை காரமானவை. டி.ஏ.பி., அமோனியம் சல்பேட் போன்ற அமோனிய உரங்களோடு இவற்றைக் கலந்தால் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து கண்முன்னே பறந்துவிடும். சாம்பலைத் தனியாகவும் உரத்தைத் தனியாகவும் சில நாள் இடைவெளி விட்டு இட வேண்டும்.

டி.ஏ.பி.யும் துத்தநாக சல்பேட்டும் சேரக் கூடாத இன்னொரு இணை. இரண்டும் தனித்தனியே தண்ணீரில் கரைபவை. சேர்ந்தால் துத்தநாகமும் பாஸ்பேட்டும் பிணைந்து, தண்ணீரில் கரையாத துத்தநாக பாஸ்பேட்டாகிவிடும். கரையாத பொருளை வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. இரண்டு உரத்துக்கும் பணம் கொடுத்து இரண்டையும் முடக்கியதுபோல் ஆகிவிடும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்கு முன் தனியாகத் தூவ வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. மணல் துத்தநாகத்தோடு எந்த மாற்றமும் அடையாது. சீராகத் தூவ மட்டும் உதவும்.

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்து வைத்தால் கசிந்து சேறுபோல் ஆகிவிடும், தூவ முடியாது. யூரியாவைப் பொட்டாஷ் உரத்தோடு கலப்பதானாலும், இடுவதற்குச் சற்று முன்னர் கலந்து அன்றே இட்டுவிட வேண்டும்.

உளுந்து, பாசிப்பயறுக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் முறையிலும் கரையும் குணத்தைக் கவனிக்க வேண்டும். டி.ஏ.பி. குருணை யூரியாவைப் போல் விரைவாகக் கரையாது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். இது 2 சதவீதக் கரைசல். பூக்கும் பருவத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் தெளிப்பது வழக்கம். வடிகட்டாமல் ஊற்றினால் கரையாத மண்டி தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும்.

தோற்றம் ஏமாற்றும்

துத்தநாக சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வெண்ணிறப் படிகங்கள். இரண்டும் தண்ணீரில் நன்கு கரையும். இயற்பியல் குணங்களை வைத்து இவற்றைப் பிரித்தறிவது விவசாயிக்கு இயலாத காரியம். விலை குறைந்த மெக்னீசியம் சல்பேட்டை விலை கூடிய துத்தநாக சல்பேட்டோடு கலப்பவர்களுக்கு இந்த ஒற்றுமைதான் வசதியாகிறது.

வேதியியல் குணம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்தில் கரைசலோடு காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்க்கிறார்கள். இரண்டிலும் முதலில் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். மேலும் காஸ்டிக் சோடா சேர்த்தால் துத்தநாகத்தின் வீழ்படிவு கரைந்துவிடும். மெக்னீசியத்தின் வீழ்படிவு கரையாமல் அப்படியே நிற்கும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கக் கூடியது. ஆகவே இச்சோதனையை வீட்டில் செய்யாமல் ஆய்வகத்துக்கு விட்டுவிட வேண்டும்.

யூரியாவை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஒரு பழைய கரண்டியில் சில குருணைகளை வைத்துத் திறந்த வெளியில் சூடாக்கினால், சுமார் 133 டிகிரிச் சூட்டில் யூரியா உருகிவிடும். தொடர்ந்து சூடாக்கினால் புகைந்து மறைந்துவிடும். உருகாமல் எஞ்சும் பொருள் இருந்தால் உப்பு போன்ற கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். புகையை முகர்ந்து பார்க்கக் கூடாது. சந்தேகம் எழுந்தால், கடைக்காரர் கொடுத்த ரசீதுடன் வேளாண்மை அலுவலரை அணுக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வழி இருக்கிறது. ரசீது இல்லாமல் வாங்கிய உரத்துக்காக வாதாடுவது கடினம்.

போர்டோ கலவையும் கத்தியும்

பூசண நோய்களைத் தடுக்கும் போர்டோ கலவை பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. மிலார்டே என்ற அறிஞர் 1885-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்து வேதியியல் மாற்றம் அடைந்து உண்டாவதே இக்கலவை.

ஒரு சதவீதக் கலவைக்கு 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் தண்ணீரிலும், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு 20 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரும்பு வாளியில் இதைச் செய்யக் கூடாது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு பட்டால் இரும்பு கரைந்து, கரைசலிலுள்ள செம்பு வாளியின்மேல் படிந்துவிடும். வாளியும் கெடும், மருந்தும் வலுவிழக்கும். மண்பானை, மரத்தொட்டி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஏற்றது.

இதே குணத்தைக் கொண்டு கலவை சரியாக அமைந்ததா என்றும் அறியலாம். நன்கு தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கத்தியில் செந்நிறம் படிந்தால் மாற்றம் அடையாத மயில்துத்தம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, கத்தியில் நிறம் படியாத நிலை வந்த பிறகே தெளிக்க வேண்டும்.

கலவையிலுள்ள செம்பு கரைந்து நிற்பதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. ஆகவே தெளிக்கும்போது இடையிடையே கலக்கிவிட வேண்டும். தயாரித்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும். இக்கலவை காரமானது, பூச்சிமருந்துகள் பலவும் காரத்தில் சிதைந்துவிடும். எனவே வேறு மருந்து எதையும் இதோடு சேர்க்கக் கூடாது.

உவருக்குத் தண்ணீர், களருக்கு ஜிப்சம்

கரைவதற்கும் மாறுவதற்கும் உள்ள வேற்றுமையை அறியாமல் அதிகப் பணம் வீணாவது மண்ணைத் திருத்தும் வேலையில்தான். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றே என்று எண்ணி, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். வெயில் காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகும்போது, அதோடு வந்த உப்பு வெண்படலமாக மேலே தங்கிவிடுகிறது. உப்பளத்தில் நடப்பதே வயலிலும் நடக்கிறது. நோய் இயற்பியல் வகையைச் சேர்ந்தது, மருந்தும் அப்படியே. நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றினால் போதும். வடிகால் இல்லாமல் தண்ணீரை மட்டும் தேக்கினால் உப்பு போக வழியில்லை. இந்த நிலத்துக்கு ஜிப்சம் இடுவது வீண் செலவு.

களர் நிலத்தின் சங்கதி வேறு. இங்கே சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண் ஈரத்தில் குழம்பி, காய்ந்தால் கல்லாகிறது. தேங்கிய நீர் கலங்கி நிற்கும், கீழே இறங்காது. எத்தனை முறை தண்ணீர் பாய்ச்சினாலும் ஒட்டிய சோடியம் கழுவினால் போகாது. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் துகளிலிருந்து விலக்கி, அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்ள வேண்டும். இது வேதியியல் மாற்றம். விலகிய சோடியம் சோடியம் சல்பேட்டாகிறது. இது தண்ணீரில் நன்கு கரையும். அதன் பிறகே கழுவி வடிக்கும் வேலை. முதலில் மாற்ற வேண்டும்; பிறகு கரைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு சுமார் 360 கிராம் கரையும். ஜிப்சமோ சுமார் இரண்டரை கிராம்தான் கரையும். ஆகவே ஜிப்சத்தை நன்கு தூளாக்கி, சீராக இட்டு, மேல்மண்ணில் கலந்து, தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் வைத்திருந்து வடித்துவிட்டு மறுபடியும் தேக்க வேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை செய்வது நல்லது. அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். திருச்சி 1, திருச்சி 3, கோ 43 ஆகிய நெல் இரகங்கள் இத்தகைய நிலங்களைத் தாங்கி வளரக் கூடியவை.

நம் நிலம் எந்த வகை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்து, சிறிது மண்ணைப் போட்டுக் கலக்கி அசையாமல் வைக்க வேண்டும். களர் மண் என்றால் மறுநாளும் நீர் கலங்கியே நிற்கும். அதில் ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்த்துக் கலக்கி வைத்தால் மண் கீழே படிந்து நீர் தெளியும். கிணற்று நீரில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இச்சோதனைக்கு அது உதவாது.

இது ஓர் அடையாளம் மட்டுமே. ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை நிலையமே சொல்ல வேண்டும். பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் களர் என்று சந்தேகிக்கலாம். அது 8.5-க்குள் இருந்து, உப்பின் நிலையைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் உவர் நிலமாகும். இரண்டு குறைகளும் சேர்ந்த நிலங்களும் உண்டு.

செலவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

எந்த உரத்தையும் மருந்தையும் கையில் எடுக்கும்போது விவசாயிகள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது தண்ணீரில் எவ்வளவு கரையும்? எதனோடு சேர்ந்தால் வேறொன்றாக மாறும்? அந்த மாற்றம் பயிருக்கு நன்மையா, நட்டமா? முதல் கேள்விக்கு ஒரு சொம்புத் தண்ணீரே விடை சொல்லும். மற்ற இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால், கலப்பதற்கு முன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறிவது நல்லது. கட்டிப்போன உரத்தை உடைத்துக்கொள்ளலாம்; கரைந்த உப்பை வடித்துவிடலாம். கலந்து மாறிப்போன உரத்தைப் பிரித்தெடுக்க எந்த விவசாயியாலும் ஆகாது.